இருபத்திரண்டு புள்ளி நான்கு

லுவான் சாருக்குத் தன் மனைவி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மனைவியை எவனாவது உற்றுப் பார்த்தால் அவன் மேல் பொறாமைப்படுகிற கணவன்மார்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. இவருக்கு மனைவி மேலேயேதான். அதுவும் அவள் அழகு மேலோ சம்பளத்தின் மேலோ அல்ல, அவள் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பின் மேல்.

கோ சியென் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு பேரும் வேதியியல் நடத்துகிறவர்கள். இரண்டு வகுப்பறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கட்டிய மேஸ்திரிக்குச் சிமெண்டில் என்ன கஞ்சத்தனமோ, அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். லுவான் சார் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கமிருந்து கொல்லென்று சிரிப்பு எழும். இவர் வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரும் சுவரைப் பார்ப்பார்கள்.

"அங்க என்ன பார்வை? விடை என்ன சுவத்துலயா எழுதியிருக்கு?"

"குவேன் டீச்சர் கிளாஸ்ல தேங்காய் பப்பாளி நடக்குது சார்," என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. அவள் குரலில் இருந்த ஏக்கத்தை லுவான் சார் கவனிக்காமல் இல்லை.

தேங்காய் பப்பாளி என்பது இதுதான். எங்கள் பக்கத்தில் புத்தாண்டுப் படையலில் சீதாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம் வைப்போம். ருசிக்காக அல்ல, பெயருக்காக. எங்கள் நாக்கில் தேங்காயும் 'சரியாக' என்கிற சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். பப்பாளியின் பெயருக்குள்ளேயே 'போதும்' இருக்கிறது. செலவுக்குச் சரியாகப் போதுகிற அளவு கொடுங்கள், அதிகம் கேட்கவில்லை என்று முன்னோரிடம் பழங்களை வைத்தே சொல்லிவிடுகிறோம். குவேன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேதியியலில் வைத்துவிட்டாள். இரண்டு பொருள்கள் வினைபுரிந்து, இதிலும் மிச்சமில்லை அதிலும் மிச்சமில்லை என்று தீர்ந்துபோனால் பாடப்புத்தகமே அதற்குச் 'சரியாகப் போதும்' என்றுதான் பெயர் சொல்கிறது. அப்படிக் கணக்கு வந்தால் பலகை ஓரத்தில் ஒரு தேங்காயும் ஒரு பப்பாளியும் வரைவாள். ஏதாவது மிஞ்சினால் பப்பாளி மேல் ஒரு கோடு. பிள்ளைகள் "ஐயோ பப்பாளி!" என்று கத்துவார்கள்.

இதில் லுவான் சாருக்குக் கூடுதல் எரிச்சல் ஒன்று உண்டு. இந்தச் சிலேடையைக் கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் முதலில் சொன்னவரே அவர்தான். அப்படித்தான் அவருக்கு நினைவு. அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள், அதனால் அவர் கேட்டதில்லை.

குவேன் இரண்டு வருஷம் முன்புவரை ஆற்றுக்கு அக்கரையில் நடுநிலைப் பள்ளியில் இருந்தாள். அப்போது லுவான் சார் நிம்மதியாக இருந்தார். பள்ளியின் வேதியியல் அணி அவர் கையில் இருந்தது. மாகாணப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதும், சனிக்கிழமைகளில் பழக்குவதும், போட்டி நாளில் ஒரே நிறச் சட்டை போட்டு அழைத்துப் போவதும் அவர்தான். அணியில் இருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் நவம்பரில் ஆசிரியர் தினத்துக்குச் சைகோனிலிருந்து பூங்கொத்தோடு வருவார்கள். அந்த ஒரு நாளைக்காகத்தான் மனுஷன் வருஷம் முழுக்க மூச்சு விடுகிறார் என்று தோன்றும்.

அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வித்தைக்குப் பெயர் எண்ணின் முகம். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிக்கும் என்பது அவர் படித்த காலத்து விதி. ஆகவே கேள்வியில் 2.24 என்று பார்த்தால் 0.1 மோல். 4.48 என்றால் 0.2. வகுத்துக்கொண்டிருக்கக் கூடாது. "மூஞ்சியைப் பாத்ததும் ஆள் யாருன்னு சொல்லணும். சொந்தக்காரன் வந்தா அடையாள அட்டையா கேப்பீங்க?" என்பார். அவருடைய பழைய கணக்குத் தொகுப்பில் வராத முகம் இல்லை. குவேனுக்கு முகமெல்லாம் கிடையாது. சமன்பாட்டைச் சமன்படுத்து, கிராமையும் லிட்டரையும் மோலாக்கு, இதற்கு அது எத்தனை என்று மோல் விகிதம் வை, பிறகு யார் முதலில் தீர்ந்துபோகிறார்கள் என்று பார். எளிய கணக்கோ கடினமான கணக்கோ இதே நாலு படிதான். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். பிள்ளைகளுக்கு என்னவோ வரவில்லை.

நடுவில் பாடப்புத்தகம் மாறியது. பழைய விதி பனிக்கட்டிக் குளிரில் அளந்தது. புதியது இருபத்தைந்து டிகிரியில் அளந்தது. வாயு அதே வாயுதான், சூட்டில் கொஞ்சம் உப்பிக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு மோலுக்கு இப்போது 24.79 லிட்டர். லுவான் சார் வகுப்பில் அதையும் ஒழுங்காகவே நடத்தினார், கஷாயம் குடிக்கிற முகத்தோடு.

அந்த வருஷம் துறைத்தலைவர் துவோங் சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"லுவான், அணியை இந்த வருஷம் யார்கிட்ட குடுக்கறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. பெத்தவங்க வந்து உங்க வீட்டுக்காரம்மா பேரைச் சொல்லிட்டுப் போறாங்க."

"எந்தப் பெத்தவங்க?"

"நாலஞ்சு பேரு. பேரா முக்கியம்? அணிக்குப் பிள்ளைங்களைப் பொறுக்கற தேர்வுத் தாளை நீங்களே போடுங்க, நீங்களே திருத்துங்க. அணி யாரு யாருன்னு ஆகட்டும். திங்கக்கிழமை கூட்டத்துல மத்ததைப் பேசிக்கலாம்."

வீட்டில் அவர் இதைக் குவேனிடம் சொன்ன விதமே சரியில்லை. "உனக்கு வாழ்த்து. ஊரே உன் பேரைத்தான் சொல்லுதாம்," என்றார். அவள் விரால் மீனை மண்சட்டியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் எதுவும் கேக்கலையே. துவோங் சார்கிட்ட வாயே திறக்கல."

"திறக்கவே வேணாமே. அதுதான் உன் கெட்டிக்காரத்தனம்."

தேர்வுத் தாளை அவர் கையால் எழுதினார். கணினியில் அவர் இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டுவார். அதனால் தட்டச்சு எப்போதும் குவேன்தான். தாளை நீட்டும்போது சும்மா நீட்டியிருக்கலாம். "தட்டு, போதும். கணக்கைப் போட்டுப் பாக்காத. அப்புறம் உன் பப்பாளிப் பிள்ளைங்களுக்கு விடை போயிடும்," என்றார். குவேனின் முகம் சிவந்தது. எழுத்தை மட்டும் பார்த்து, அர்த்தத்தைப் பார்க்காமல் அடித்துக் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். கேள்வி கசியக் கூடாது என்று கையெழுத்துத் தாளை அவர் அன்றே கிழித்துப் போட்டார்.

தேர்வு எழுதியவர்களில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் லுவான் சாரின் வகுப்பு. அந்த ஒருத்தி யாங். குவேனின் மாணவி. மீன்பண்ணைக்காரர் மகள், பேனாவைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற பெண். சுவருக்கு அந்தப் பக்கம் "ஐயோ பப்பாளி" என்று முதலில் கேட்கிற குரல் அவளுடையதுதான் என்று லுவான் சாருக்குத் தெரியும்.

கடைசிக் கேள்வி இப்படி: பதினாறு கிராம் கறுப்பு காப்பர் ஆக்சைடைச் சூடாக்கி அதன் மேல் 4.48 லிட்டர் ஹைட்ரஜன் செலுத்தினால், முடிவில் குழாயில் எத்தனை கிராம் திடப்பொருள் இருக்கும்? ஒரு மோல் ஆக்சைடுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். பதினாறு கிராம் என்பது 0.2 மோல். ஹைட்ரஜனும் 0.2 மோல். இரண்டும் சரியாகப் போதும். சிவப்புச் செம்பு மட்டும் 12.8 கிராம். கேள்வி அழகாக விழுந்திருக்கிறது என்று லுவான் சாருக்கே பெருமை. எல்லோரும் 12.8 எழுதியிருந்தார்கள். யாங் அரைப் பக்கம் எழுதி 13.11 என்று முடித்திருந்தாள்.

அந்த அரைப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும், திருத்துகிறவர் வேலையே அது. ஆனால் 13.11 என்ற எண்ணைப் பார்த்த நொடியில் அவர் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சிவப்புப் பேனாவால் விடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் சுழியம் போட்டார். அதோடு யாங் அணிக்கு வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் எல்லோரும் ஐஸ் காபி உறிஞ்சிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துத் தாளை எடுத்துவந்தார்.

"தோவா டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க. இலக்கியம் நடத்தற உங்களுக்கே புரியும். சொல்லிவெச்ச மாதிரி எல்லாரும் பன்னெண்டு புள்ளி எட்டு. ஒரே ஒரு மேதை மட்டும் பதிமூணு."

தோவா டீச்சர் லுவான் சாரின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். வீட்டு வரிசைப்படி அவரை ஆறாம் அண்ணே என்றும் குவேனை ஆறாம் அண்ணி என்றும்தான் கூப்பிடுவாள், பள்ளியிலும்கூட.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஆறாம் அண்ணே. யாரு அந்த மேதை?"

"அதைக் குவேன் டீச்சர் கிட்ட கேளுங்க. தேங்காய் வரைய சொல்லிக் குடுத்தாங்க, வகுக்க சொல்லிக் குடுக்கல போல."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். குவேன் எழுந்துவந்து தாளை வாங்கிக்கொண்டாள். உச்சியிலிருந்து படித்தாள். உச்சியில் பள்ளி எல்லா வேதியியல் தாளிலும் அச்சடிக்கிற வரி இருந்தது: வாயுக்களின் கன அளவு இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் கொள்ளப்படும். அதைப் படித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தாள். 4.48 என்ற இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு யாங்கின் அரைப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் லுவான் சார்.

"ஒண்ணுமில்ல. இந்தத் தாள் என்கிட்ட இருக்கட்டும்," என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். புளிச்சாற்று சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். குவேன் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, பாவம் வலிக்கத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் துவோங் சார் வீட்டுக்குப் போய்வந்ததை அவர் கேள்விகூடக் கேட்கவில்லை. அழுது கெஞ்சியிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்ததும் துவோங் சார் அவர் தோளில் கை போட்டார்.

"லுவான், கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"அந்தக் கடைசிக் கேள்விதான். நீங்க நாலு புள்ளி ஒன்பது அஞ்சு எட்டுன்னு சரியா எழுதிக் குடுத்தீங்களாம். அவங்க தட்டும்போது பழைய ஞாபகத்துல நாலு புள்ளி நாலு எட்டுன்னு அடிச்சுட்டாங்களாம். அச்சாகியிருக்கற எண்ணுக்கு அந்தப் பொண்ணு போட்டதுதான் சரியான விடை. அவளை அணியில சேத்தாச்சு. சும்மா சொல்லக் கூடாது, தன் தப்பைத் தானே வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். நீங்க குடுத்துவெச்சவர்."

லுவான் சார் கொடிக்கம்பத்தடியிலேயே நின்றுவிட்டார். மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். 4.48 கீழே 24.79. சுமார் 0.18. ஆக்சைடு 0.2. ஹைட்ரஜன் முதலில் தீர்ந்துபோகிறது. செம்போடு கறுப்பு ஆக்சைடும் கொஞ்சம் குழாயில் மிஞ்சி நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 13.11. பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தாளை எழுதியது அவர், 4.958 என்ற எண்ணை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை, 4.48-ன் முகத்தைப் பார்த்து அத்தனை தாளையும் திருத்தியதும் அவர்தான்.

இந்த இடத்தில் வேறு ஒருவருக்கு வெட்கம் வந்திருக்கும். இல்லாவிட்டால் மனைவி மேல் நன்றி வந்திருக்கும். இரண்டும் லுவான் சாருக்கும் வந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவை உட்காருவதற்கு முன்னால் ஆசிரியர் அறைக்குள் போய்விட்டார். அங்கே குவேனைச் சுற்றி ஒரு கூட்டம்.

"ஆறாம் அண்ணி, உங்கள மாதிரி நாங்கள்லாம் இருக்க முடியாது," என்றாள் தோவா டீச்சர். "நானா இருந்தா பிரிண்டர் மேல பழியப் போட்டிருப்பேன்."

இயற்பியல் ஆசிரியர் எழுந்து குவேனுக்குத் தன் காபியை நகர்த்தி வைத்தார். அந்த மனுஷன் யாருக்கும் எதையும் நகர்த்தி வைத்து லுவான் சார் பார்த்ததில்லை. அதோடு வெட்கமும் நன்றியும் காணாமல் போயின. பழைய பொறாமை மட்டும் நின்றது. சிரிப்பை எடுத்துக்கொண்டாள். பெற்றவர்களை எடுத்துக்கொண்டாள். இப்போது அவருடைய தப்பையும் எடுத்துக்கொண்டு அதற்கும் கைதட்டல் வாங்குகிறாள்.

வண்டி நிறுத்துகிற கொட்டகையில் அவளைப் பிடித்தார்.

"யாரைக் கேட்டு அப்படிச் சொன்ன?"

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சுதா? கிடைச்சுது. உங்க பேரு கெட்டுதா? கெடல. இன்னிக்குக் கூட்டத்துல அணியை உங்க கையிலயே குடுத்துடுவார். தட்டச்சுகூட ஒழுங்காத் தெரியாதவளுக்கு யாரு குடுப்பா? எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அது என் தப்பு குவேன்."

"ஆமா, உங்க தப்புதான். அதனால என்ன?"

"என் தப்பை வெச்சு நீ நல்ல பேரு வாங்கற. காபி வாங்கற!"

குவேனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். நல்ல கேள்விதான்.

கூட்டம் பத்து மணிக்கு. துவோங் சார் தொண்டையைச் செருமி, "வேதியியல் அணியைப் பொறுத்தவரை, வழக்கம்போல லுவான் சாரே..." என்று தொடங்கினார். அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. லுவான் சார் எழுந்து நின்றார்.

"அந்தத் தாள்ல தப்புப் பண்ணது நான். அவ இல்ல."

தோவா டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஆறாம் அண்ணே! அண்ணியக் காப்பாத்தறாரு பாருங்களேன்!"

"காப்பாத்தல. நிஜமாவே நான்தான்."

"புரியுது, புரியுது," என்றார் துவோங் சார், கண்ணில் ஈரத்தோடு. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்கறீங்க. நம்ம வீட்டுல நடக்காது."

எல்லோரும் சிரித்தார்கள்; யாரோ கைகூடத் தட்டினார்கள். லுவான் சாருக்கு வியர்த்தது. தன் தப்பைத் தன் தப்பு என்று நிரூபிக்க முடியாமல் தவித்தவர் எங்கள் பள்ளியில் அவர் ஒருவர்தான்.

"கேளுங்க! அவ எண்ணை மாத்தி அடிச்சிருந்தா திருத்தும்போது எனக்குத் தெரிஞ்சிருக்காதா? ஒவ்வொரு தாள்லயும் நாலு புள்ளி நாலு எட்டுன்னு கண்ணு முன்னாடி நின்னுதே! எனக்கு உறுத்தவே இல்ல. ஏன்னா என் மண்டைக்குள்ள இருபத்திரண்டு புள்ளி நாலுதான் உக்காந்திருக்கு. சந்தேகமா இருந்தா ஏதாவது ஒரு எண்ணைக் கேளுங்க. யாராவது கேளுங்க!"

இயற்பியல் ஆசிரியர் விளையாட்டாக, "ஆறு புள்ளி ஏழு ரெண்டு?" என்றார்.

"பூஜ்யம் புள்ளி மூணு மோல்!"

"பதினொண்ணு புள்ளி ரெண்டு?"

"அரை மோல்!"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்போது குவேன் பேசினாள். அவரைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு புள்ளி மூணு ஆறு?"

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சு!"

"புதுப் புத்தகப்படி?"

லுவான் சார் சட்டைப் பையில் கால்குலேட்டரைத் தேடினார். அதை வெளியே எடுக்குமுன்பே அறையில் இருந்த எல்லோருக்கும், இலக்கியம் நடத்துகிற தோவா டீச்சர் உட்பட, விஷயம் விளங்கிவிட்டது.

துவோங் சார் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "சரி," என்றார். "அப்படின்னா அணி இந்த வருஷம் குவேன் டீச்சர் கிட்ட இருக்கட்டும். லுவான், நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. தப்பா நினைக்காதீங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போக ஃபெர்ரியில் ஏறினார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலாப்பழக் கூடைகளும் வண்டிகளுமாக ஒரே நெரிசல். ஆற்று நடுவில் வந்ததும் குவேன்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"நான் உங்களுக்கு எடுத்துக் குடுத்ததை நீங்களே தட்டிவிட்டீங்க."

"உனக்குத்தானே கிடைச்சுது. சந்தோஷப்படேன்."

"இப்படிக் கிடைக்கணும்னா நான் ஆசைப்பட்டேன்?"

லுவான் சார் திரும்பிப் பார்த்தார். "ஆசைப்பட்டியா? அணி வேணும்னு நீ ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும்தான் பொறாமைப்படத் தெரிஞ்சவர்னு நினைப்பா? எத்தனை வருஷம் நான் உங்களைப் பாத்து வெந்துபோயிருக்கேன் தெரியுமா? ஆசிரியர் தினத்துக்குச் சைகோன்லேருந்து பிள்ளைங்க வருவாங்க. நம்ம வீட்டுத் தரையில உக்காந்து சார், சார்னு உங்களைச் சுத்திக்குவாங்க. நான் தேத்தண்ணி கொண்டு வந்து வெப்பேன். ஒரு வருஷம் ஒரு பொண்ணு என்னைப் பாத்து, அக்கா உங்களுக்கு வேதியியல்னா போரடிக்கும்லன்னு கேட்டுச்சு. நானும் அதே பாடந்தான் நடத்தறேன்னு அதுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லல. சிரிச்சீங்க. அன்னிக்கு அடுப்படியில போய் நின்னுக்கிட்டு, இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது நெஞ்சு எரியணும்னு வேண்டிக்கிட்டேன்."

லுவான் சாருக்கு அந்தப் பெண்ணும் நினைவில்லை, தான் சிரித்ததும் நினைவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. இவள் என் மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிற குவேன், பெற்றவர்கள் தேடி வருகிற குவேன், என்னைப் பார்த்து வெந்திருக்கிறாள். அணி போன துக்கத்தையும், காலையில் பட்ட அவமானத்தையும் தள்ளிக்கொண்டு, வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி வந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் எந்த ஆசிரியர் தினத்திலும் அனுபவித்ததில்லை. இது வெட்கங்கெட்ட சந்தோஷம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் அதை விட மனசில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது.

"ரொம்பவா?" என்றார்.

"ரொம்ப."

"அவ்வளவு வருஷமுமா?"

"அவ்வளவு வருஷமும்."

ஃபெர்ரி கரையை நெருங்கியது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எஞ்சினைக் கிளப்பினார்கள். சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் அவள் காதருகே குனிந்தார்.

"இப்பவும் இருக்கா?"

"எது?"

"அதான். அந்தப் பொறாமை."

குவேன் கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொண்டு, உள்ளே தேடிப் பார்க்கிறவள்போல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்காகச் சொன்ன பொய்யோடு ஒப்பிட்டால் இது சின்னப் பொய்.

"இல்லங்க," என்றாள். "காலையில எல்லாரும் எண்ணைக் கேக்கக் கேக்க நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல, அப்பவே போயிடுச்சு. இப்ப பாவமாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் தோளைத் தொட்டாள். அன்பாகத்தான் தொட்டாள். அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள். லுவான் சார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், குவேன் பின்னால் ஏறிக்கொண்டாள், இரண்டு பேரும் கரை ஏறினார்கள்.